சீக்குக்கோழி விற்றவன்

கொண்டை செத்ததற்கு என்னிடம் துக்கம் விசாரித்தவர்கள் நிறையப் பேர். ஒரு கோழிக்காக இவ்வளவு கலங்குகிறவன் நல்ல மனசுக்காரனாகத்தான் இருப்பான் என்று அவர்களே முடிவு கட்டிக்கொண்டார்கள். அந்தப் பெயரை நானும் மறுக்காமல் வாங்கி வைத்துக்கொண்டேன். கொண்டை சீக்காய்க் கிடந்தபோது நான் செய்த காரியம் அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

தலையில் இறகு கொத்தாகச் சிலிர்த்து நிற்கும் சிறுவிடைக் கோழி அது. திண்ணையில் பேப்பர் படிக்க உட்கார்ந்தால் ஏறி வந்து கொட்டை எழுத்துத் தலைப்புகளாகப் பார்த்துக் கொத்தும். அடையில் இருக்கும்போது மட்டும் என்னையும் அண்டவிடாது. உடம்பை உப்பிக்கொண்டு சீறும்.

ஒருநாள் காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியதும் மற்றவை ஓடின. இது இறக்கையைத் தொங்கப்போட்டுக் கண்ணை மூடி நின்றது. முந்தின நாள் தின்ற தீனி இரைப்பையில் அப்படியே கல்லாய்க் கிடந்தது. பின்புறத்தில் வெள்ளையும் பச்சையுமாக எச்சம் ஒட்டியிருந்தது. அம்மா சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, கீழாநெல்லி எல்லாம் அரைத்து உருட்டி வாயில் தள்ளினாள். கொஞ்ச நேரத்தில் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது.

ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்பார்கள். படித்தவர்களுக்கு ராணிக்கெட் நோய். 1926-ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் பக்கமும் கண்டறியப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் குமாவுன் மலையிலுள்ள ராணிக்கெட்டிலும் தலைகாட்டியதால் நம் நாட்டில் அந்த ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. இத்தனை காலமாகத் தெரிந்த நோய்தான். தடுப்பூசி உண்டு, வந்துவிட்டால்தான் மருந்து கிடையாது. கால்நடைத் துறை பிப்ரவரியில் முகாம் போட்டு இறக்கையில் இலவசமாகவே குத்திவிடுகிறது. விடிவதற்குள் கோழிகளைத் திறந்துவிடாமல் அடைத்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் நம் வேலை. ஊசி போட்டால் முட்டை குறையும் என்று யாரோ சொன்னதைச் சாக்காக வைத்து நான் திறந்துவிட்டேன். போதாததற்கு, சந்தையில் வாங்கிய சேவலைத் தனியாக வைத்துப் பார்க்காமல் நேரே இவற்றோடு சேர்த்தேன். இதெல்லாம் சோம்பேறித்தனம். சோம்பேறித்தனத்தை எப்படியாவது மன்னித்துக்கொள்ளலாம்.

கொண்டையைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனேன். வேறு கிருமி சேராமலிருக்க ஒரு மருந்தும், குளுக்கோஸும் எழுதிக் கொடுத்தார். “மத்த கோழிகளைத் தனியா அடைச்சுப் போடுங்க. யாருக்கும் விக்காதீங்க, கொடுக்காதீங்க” என்றார். கிருமி புகுந்த கோழி உடனே படுத்துவிடாது, 2 நாளிலிருந்து 15 நாள் வரை ஓடியாடித் திரியும் என்பதையும் விளக்கினார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் கோழி யாவாரி மொபெட்டில் கூண்டு கட்டிக்கொண்டு தெருவில் வந்தார். நான்தான் கைதட்டிக் கூப்பிட்டேன். ஒவ்வொன்றையும் தூக்கி நெஞ்செலும்பை அமுக்கிப் பார்த்தார். வாலைத் தூக்கிப் பார்த்தார்.

“சீக்குகீக்கு ஒண்ணுமில்லையேண்ணே?”

“அதெல்லாம் இல்லப்பா. நாங்க வெளியூர் போறோம், பாத்துக்க ஆளில்ல.”

கொண்டை அப்போது அடுப்படியில், சாக்குக்குள் இருந்தது. அது கரகரவென்று மூச்சிழுக்கும் சத்தம் வாசலுக்குக் கேட்டுவிடுமோ என்றுதான் என் கவலையெல்லாம். அம்மா ஒன்றும் பேசவில்லை. அவளுக்கு இது புதிதல்ல. சீக்கு விழுந்த வீட்டில் மிச்சத்தை அறுப்பதும் விற்பதும் ஊரில் நடப்பதுதான். ஆனால் ஊருக்கு மருத்துவர் சொல்லியிருக்கவில்லை. எனக்குச் சொல்லியிருந்தார். கைக்கு வந்த பணத்தில்தான் கொண்டைக்கு அந்த மருந்தை வாங்கினேன்.

அது பிழைக்கவில்லை. குழி ஆழமாகத் தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன். அந்த ஒன்றில் மட்டும் முறை தவறவில்லை. அழுததும் உண்மைதான், நடிப்பில்லை. அதுதான் என்னைக் குழப்புகிறது. மருந்துக்கடைக்கு ஓடியவனும் யாவாரியைக் கைதட்டிக் கூப்பிட்டவனும் ஒரே ஆள்தானே.

பிறகொரு நாள் அந்த யாவாரியே சொன்னார்: “கீழூர் பக்கம் பூரா கோழி விழுந்துருச்சுண்ணே. ஒரு கெழவி வீட்டுல அடைக்கோழியோட குஞ்சும் போயிருச்சு.” என் கோழிகளால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. “அப்படியா” என்று கேட்டுக்கொண்டேன்.

இப்போது வீட்டில் புதுக்குஞ்சுகள் வளர்ந்து நிற்கின்றன, ஊசி போட்டவை. யாவாரி விலை கேட்கும்போதெல்லாம் விற்கவில்லை என்கிறேன். “அந்தக் கொண்டைக்கோழி போனதிலிருந்து அண்ணனுக்கு விக்க மனசு வரமாட்டேங்குது” என்று தெருவில் சொல்லிக்கொண்டு திரிகிறார்.