விமான நிலையத்தோடு திரும்பியவர்

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போன பலர் திரும்பவே இல்லை. எச்சரிக்கை வந்தபோது அவர்கள் வெகுதூரம் போயிருந்தார்கள்.

மீனவருக்குப் புரிகிற மாதிரி, நேரத்துக்கு வானிலைச் செய்தி எப்படிப் போய்ச் சேரும்? பக்கத்துத் திருவனந்தபுரம் கரையில் இதை ஆராய இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகமும் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் கைகோத்தன. சசெக்ஸ் பக்கம் முன்னின்றவர் ஃபிலிப்போ ஒசெல்லா. வானிலையாளர் அல்ல, மானுடவியலாளர்.

2022 மார்ச்சில், கடற்கரை மக்கள் பற்றிய கருத்தரங்குக்கு வந்தவரைத் திருவனந்தபுரம் விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பினார்கள். காரணம் சொல்லவில்லை என்றார் அவர்.

கூட்டு முயற்சிக்குத் தலைவர் வேண்டும்தான். ஆனால் அவரைத் தடுத்தாலும் வேலை நிற்காதபடி உள்ளூர்க்காரர்களை வளர்த்து வைப்பதுதான் நல்ல தலைமை. அடுத்த புயல் விசாவுக்காகக் காத்திருக்காது.