பழந்துணியில் ஒரு ராஜா

டிசம்பர் பிறந்துவிட்டால் தண்டையார்பேட்டைப் பக்கத்துப் பங்குகளில் இரண்டு கவலைகள் தலைதூக்கும். ஒன்று மழை, மற்றொன்று கிறிஸ்து பிறப்பு நாடகத்தில் நடிக்கும் பிள்ளைகளுக்கான உடை. மழையைப் பற்றி நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. உடையைப் பற்றிச் சிறிது எழுதலாம் என்று எண்ணுகிறேன்.

நாடக உடைகளை வாடகைக்குத் தரும் கடைகள் உண்டு. அங்கே கிடைக்கும் கீழ்த்திசை ஞானியின் அங்கி, சென்ற வாரம் ஏதோ ஒரு பள்ளியில் அக்பர் சக்கரவர்த்தி அணிந்ததாக இருக்கும். அதில் எனக்கு வருத்தமில்லை, அக்பரும் பெரியவரே. ஆனால் அந்த அங்கி எந்தப் பிள்ளையின் உடலுக்கும் அளவெடுத்துத் தைத்ததன்று. முதுகில் நான்கு ஊக்குகளைக் குத்தி நிறுத்த வேண்டும். நற்செய்தி கூற வந்த வானதூதர், வசனத்தை மறந்து நழுவும் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இதைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. வாடகைப் பணத்தை வீட்டில் கேட்க மனம் வராத பிள்ளை, "எனக்கு நடிக்கப் பிடிக்கவில்லை" என்று தானாகவே ஒதுங்கிவிடும். அதன் காரணத்தை யாரும் கேட்பதில்லை, அதுவும் சொல்வதில்லை.

ஆகவே எங்கள் பங்கில் உடைகளை நாங்களே தைத்துக்கொள்கிறோம். குருமடத்தில் பயின்ற நாள்களிலேயே இக்கலையில் எனக்கு ஓரளவு பழக்கம் உண்டு. படுக்கை விரிப்புகளே அன்று எங்கள் அங்கிகள். உணவறைத் திரைச்சீலையே உரோமைப் படைத்தலைவனின் மேலாடை. ஆயினும் எங்கள் பங்குப் பெண்களின் கைத்திறனுக்கு முன் அது வெறும் விளையாட்டு. அவர்களில் சிலர் ஏற்றுமதி ஆடைக் கம்பெனிகளில் பல ஆண்டுகள் தையல் வேலை செய்தவர்கள். ஒரு துணியைக் கையில் எடுத்ததும் அதன் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுவார்கள். காகிதம் எரிவது போல் மணந்து சாம்பலானால் பருத்தி. உருகி முத்தாகத் திரண்டால் பாலியெஸ்டர். இது வீண் ஆராய்ச்சி அன்று. தேநீர்க் கடையில் வடித்துக் கொட்டும் தேயிலைச் சக்கையைப் படிகாரத்துடன் கொதிக்கவைத்துப் பழைய வேட்டியை அதில் ஊறவைத்தால், இடையர்களுக்கு உகந்த மண்ணிறம் கிடைக்கும். பருத்தி அந்த நிறத்தைப் பற்றிக்கொள்ளும், பாலியெஸ்டர் பற்றாது. மேலும், மெழுகுவர்த்தி ஏந்தி வரும் பிள்ளைக்கு உருகி உடலில் ஒட்டும் துணியை எந்தத் தாயும் உடுத்த மாட்டாள். பருத்தியும் தீப்பற்றும் என்பதால், எங்கள் வானதூதர்களின் கையில் மெழுகுவர்த்திக்குப் பதில் காகித விண்மீன்தான்.

இறக்கைகளுக்குப் பழைய குடைக் கம்பிகளும் கிழிந்த கொசுவலையும் போதும். வட சென்னையில் கொசுவலை இல்லாத வீடு ஏது! காசிமேட்டில் வலை செப்பனிடும் பெரியவர் ஒருவர், மீன்வலைக்குப் போடும் அதே முடிச்சால் கொசுவலையைக் கம்பியோடு பிணைத்துத் தருகிறார். மூன்று கிறிஸ்துமஸ் கண்ட பின்னும் அந்த முடிச்சு அவிழவில்லை. மணிமுடி செய்வதில் எங்களுக்குத் தெருக்கூத்துக் கலைஞர்களே ஆசிரியர்கள். அவர்கள் எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தைச் செதுக்கி, கண்ணாடித் துண்டுகளும் வண்ணத் தாளும் பதித்து அரசர்களை உருவாக்குவர். எங்கள் சிறு அரசர்களுக்கு மளிகைக் கடையின் அட்டைப்பெட்டியும் பிஸ்கட் உறையின் பளபளப்பான உட்புறமுமே போதும்.

துணியோடு இந்தப் பகுதிக்கு உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. கும்பெனியாரின் துணிகளை வெளுத்தவர்கள் குடியேறிய இடமே வண்ணாரப்பேட்டை. திருவொற்றியூரையடுத்த காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட்டின் பெயரால் நெசவாளர்களுக்காக அமைந்த ஊர். 'காலெட்' நம் நாவில் 'காலடி' ஆகிவிட்டார். பெரம்பூரில் காக்கித் துணி நெய்து பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்ட பின்னி ஆலை 1996-ஆம் ஆண்டு மூடப்பட்டது. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலையின் துணிக்கடைகளில் இன்றும் பண்டிகைக் காலத்தில் நடக்க இடமிராது.

இவ்வளவு துணி புழங்கும் இடத்தில் பழந்துணி என்றால் முகம் சுளிப்பவர்களும் உண்டு. அதற்கு ஆழமான காரணம் இருக்கிறது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஆழிப்பேரலை நம் கடற்கரைகளைத் தாக்கியது. அதன்பின் பல ஊர்களிலிருந்து லாரி லாரியாகப் பழந்துணிகள் வந்து இறங்கின. நல்ல மனத்துடன் அனுப்பியவர்கள் பலர். ஆனால் கிழிந்தவை, அழுக்கானவை, கடலோரப் பெண்கள் உடுத்தவே முடியாதவை என எத்தனையோ அவற்றில் கலந்திருந்தன. சாலையோரத்தில் குவிந்து கிடந்த அவற்றை மீனவ மக்கள் தொடவும் மறுத்தார்கள். வீட்டையும் வலையையும் இழந்தவர்கள் தன்மானத்தை இழக்கவில்லை. தில்லியில் 1999-இல் 'கூஞ்ச்' என்ற அமைப்பைத் தொடங்கிய அன்ஷு குப்தா இதை நன்கு உணர்ந்தவர். பழந்துணியைத் தரம் பிரித்து, சீர்செய்து, பிச்சையாக அன்றி, கிணறு வெட்டுதல், பாதை அமைத்தல் போன்ற ஊர்ப்பணிகளில் மக்கள் செய்யும் உழைப்புக்கு ஈடாக வழங்கும் முறையை அவர் வகுத்தார். 2015-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

ஈராண்டுகளுக்கு முன் எங்கள் தையல் அறை வாசலில் ஒரு தாய் வந்து நின்றார். ஆழிப்பேரலையின்போது அவர் பள்ளிச் சிறுமி. மகன் ஞானிகளுள் ஒருவனாகத் தேர்வாகியிருந்தான். "ஏன் சாமி, எம் புள்ளைக்குப் பழசுதானா?" என்று கேட்டார். குரலில் கோபத்தைவிட வேறொன்று மிகுதியாக இருந்தது. நான் வாய் திறக்குமுன், தையல் பணியை நடத்தும் மூத்த அம்மாள் அளவு நாடாவுடன் எழுந்துவந்து பையனின் தோளை அளந்தார். பிறகு கையை, மார்பை, கழுத்திலிருந்து கணுக்கால் வரை. ஒவ்வோர் அளவையும் நோட்டில் அவன் பெயருக்கு நேரே குறித்துக்கொண்டார். "மூணு ராஜாவுக்கும் பழசுதாம்மா. ஆனா இந்த அளவு உன் புள்ளைக்கு மட்டுந்தான்" என்றார். தாய் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் நின்றுவிட்டு, பொத்தான்களுக்குக் காஜா எடுக்க உட்கார்ந்துவிட்டார்.

யோப்பா என்னும் துறைமுக நகரில் தபித்தா என்ற பெண்மணி இறந்தபோது, கைம்பெண்கள் அழுதுகொண்டே அவள் தங்களோடு இருந்த நாள்களில் செய்து தந்த ஆடைகளை இராயப்பரிடம் காட்டினார்கள் என்று திருத்தூதர் பணி நூலில் படிக்கிறோம். அவளுடைய பேச்சையோ செல்வத்தையோ அவர்கள் சொல்லவில்லை, உடைகளைக் காட்டினார்கள். அந்த இராயப்பரின் பெயரால்தான் நம் இராயபுரம் அழைக்கப்படுகிறது என்பர். நம்முடையதும் துறைமுகக் கரைதானே!

நாடகம் முடிந்ததும் உடைகளைத் துவைத்து, நிழலில் உலர்த்தி, காய்ந்த வேப்பிலையுடன் இரும்புப் பெட்டியில் வைக்கிறோம். கழுத்துப்பட்டையின் உட்புறத்தில், அணிந்த பிள்ளையின் பெயரை எழுதிய நாடாத் துண்டு ஒன்றைத் தைப்பது வழக்கம். நீலப் பட்டுச் சேலையிலிருந்து வெட்டிய ஓர் அங்கியில் இப்போது மூன்று பெயர்கள் இருக்கின்றன. மூன்றாவது பெயருக்குரிய பையனே இவ்வாண்டும் ராஜா. சென்ற வாரம் அவனை நிறுத்தி அளந்து பார்த்தார்கள். உள்ளே மடித்துத் தைத்த துணியைப் பிரித்து இரண்டு அங்குலம் இறக்க வேண்டியிருக்கிறது. அந்த வேலையைத் தானே செய்வதாக அவன் தாய் அங்கியை வீட்டுக்கு எடுத்துச் சென்றிருக்கிறார்.