கூட்டுக்குள் ஒரு கண்

தமிழன் வீடு கட்டத் தொடங்கிய நாள் முதலாக அவனோடு ஒண்டுக்குடித்தனம் நடத்தி வந்த உயிர் சிட்டுக்குருவி. பசுவை நாம் கட்டி வளர்த்தோம். நாயை அழைத்து வளர்த்தோம். குருவியை யாரும் கட்டவில்லை, அழைக்கவும் இல்லை. அது தானே வந்தது. இறவாரத்தில் இடம் பிடித்தது. வாடகை கேட்பார் இன்றிக் குடும்பம் நடத்தியது. குறுந்தொகையின் 46-ஆம் பாட்டில் வரும் குருவிகள் முற்றத்தில் உலரும் தானியத்தைத் தின்கின்றன; எருப்பொடியில் குடைந்து ஆடுகின்றன; மாலையானதும் வீட்டிறப்பில் தம் குஞ்சுகளோடு தங்குகின்றன. தலைவன் போயிருக்கும் நாட்டில் இந்தக் குருவிகளும் இந்த மாலையும் இல்லையோ என்று தலைவி தோழியைக் கேட்கிறாள். இன்றைய நம் வீடுகளைக் காட்டி, ‘குருவி இல்லாத நாடு இதுதான், அம்மா’ என்று அவளுக்கு விடை சொல்லிவிடலாம் போலிருக்கிறது.

எங்கள் வீடு ஆனேக்கலில் இருக்கிறது. பெங்களூரு நகர மாவட்டத்தின் தென்கோடி அது. ஒரு பக்கம் பன்னேர்கட்டாக் காடு. மறு பக்கம் பொம்மசந்திரம், ஜிகணித் தொழிற்பேட்டைகள். அப்பால் ஓசூர் எல்லை. ராகிக் களமும் ஓட்டு வீடுமாக இருந்த ஊர் இன்று மாடிமேல் மாடியாக வளர்ந்து வருகிறது. எங்கள் பழைய ஓட்டு வீட்டில் கைமரத்துச் சந்திலும், சுவரில் சாய்த்து மாட்டியிருந்த தாத்தாவின் படத்துக்குப் பின்னாலும் குருவிகள் கூடு கட்டும். வீட்டை இடித்துத் தளம் போட்டோம். கைமரம் போயிற்று, படங்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டன, சன்னலுக்குக் கொசுவலை வந்தது. ‘போ’ என்று குருவியை எவரும் விரட்டவில்லை. இடம் இல்லை என்று வீடே சொல்லிவிட்டது.

நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் சிட்டுக்குருவி அழிந்துபோகவில்லை. இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2020-இல் வெளியான அறிக்கை, மொத்தத்தில் அதன் தொகை ஏறக்குறைய நிலையாக இருப்பதாகவும், பெங்களூரு, சென்னை போன்ற பெருநகரங்களில் மட்டும் குறைந்து வருவதாகவும் கூறியது. கைபேசிக் கோபுரங்களின் மேல் பழி போடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆனால் அதற்குத் திடமான சான்று இல்லை. குருவிக்கு வேண்டியவை இரண்டு. முட்டையிட ஓர் இடுக்கு. குஞ்சுக்கு ஊட்டப் புழு பூச்சி. நகரம் இந்த இரண்டையும் துடைத்து வைத்திருக்கிறது.

இடுக்கைச் செய்து கொடுப்பது எளிது. சென்னையில் கூடுகள் அறக்கட்டளையினர் பள்ளிப் பிள்ளைகளைக்கொண்டே ஆயிரக்கணக்கில் மரக்கூடுகளைச் செய்வித்திருக்கின்றனர். நானும் ஒரு பெட்டி செய்யத் துணிந்தேன். ஆனால் அதற்குள் ஒரு காமிராவும் இருக்கவேண்டும் என்று விரும்பினேன். பெட்டி மாட்டியவனுக்கு அதைத் திறந்து பார்க்கக் கை துறுதுறுக்கும். ஒருமுறை மூடியைத் தூக்கினால் தாய் அஞ்சும். மனிதன் அடிக்கடி எட்டிப் பார்க்கும் இடத்தைக் காக்கையும் கவனித்துக்கொள்ளும். முன்னதாகவே ஒரு கண்ணை உள்ளே வைத்துவிட்டால் கைக்கு வேலை இல்லை. இதுதான் என் எண்ணம்.

தொழிற்பேட்டையில் கழித்துப் போட்ட பாக்கிங் பெட்டிப் பலகை மலிவாகக் கிடைத்தது. வண்ணமோ வார்னிஷோ உள்ளே பூசக்கூடாது. அடித்தளம் உட்புறம் 15 சென்டிமீட்டர் சதுரம். உயரம் 30 சென்டிமீட்டர். சாதாரணப் பெட்டியைவிட இது அதிகம். சிட்டுக்குருவிக்குக் கூடு கட்டுவதில் கஞ்சத்தனம் கிடையாது; வைக்கோலும் நாரும் இறகுமாக அடைத்துத் தள்ளிவிடும். பெட்டி குட்டையாக இருந்தால் காமிராவின் கண் முதல் வாரத்திலேயே வைக்கோலில் புதைந்துபோகும். வாசல் 32 மில்லிமீட்டர் வட்டம். அதில் குருவி நுழையும், மைனா நுழையாது. வாசலுக்குக் கீழே உட்காரக் குச்சி வைப்பது அழகாக இருக்கும். ஆனால் அது பகைக்கு ஏணி. குருவிக்கு அது தேவையும் இல்லை. அடியில் நீர் வடிய நான்கு சிறு துளைகள். கூரைக்குக் கீழே காற்றுப் போகச் சிறு இடைவெளி. ஆனேக்கல் என்னும் பெயருக்கே ஆலங்கட்டி என்று பொருள் சொல்வோர் உண்டு. சித்திரை மழையை நினைத்து, கூரையைச் சரிவாகவும் வாசலுக்கு முன் நாலு விரல் நீட்டியும் வைத்தேன்.

காமிராவைக் கூரையின் உட்புற மூலையில், கீழ்நோக்கித் திருகாணியால் பொருத்தினேன். கடையில் கிடைக்கும் சிறு காமிராக்கள் தொலைவில் உள்ளதைத் தெளிவாகக் காண அமைந்தவை. இங்கோ கூட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண்தான். ஆகையால் அதன் கண்ணாடி வளையத்தை மெல்லத் திருகிச் சரிசெய்ய வேண்டும். பெட்டியின் தரையில் கூட்டின் உயரத்துக்குச் சில தீப்பெட்டிகளை அடுக்கி, மேற்பெட்டியின் எழுத்துக் கைபேசித் திரையில் தெளியும்வரை திருகினேன். இருட்டில் பார்ப்பதற்கு 940 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கு. அதன் ஒளி நம் கண்ணுக்கும் தெரியாது, குருவியின் கண்ணுக்கும் தெரியாது. காமிரா மட்டும் அதனைக் கறுப்பு வெள்ளைப் படமாகக் காணும். படத்தைச் சேமித்து அனுப்பும் ‘ராஸ்பெரி பை’ என்ற கையகலக் கணினி சூடாகும் தன்மையது. அதனைப் பெட்டிக்குள் வைக்காமல், மழை புகாத டப்பா ஒன்றில் இட்டுச் சுவரில் பதித்தேன். கூட்டுக்குள் சென்றது ஒரு கம்பி மட்டுமே. தை மாதம், குருவிகள் இடம் தேடத் தொடங்கும் முன்பே, பிற்பகல் வெயில் படாத கிழக்குச் சுவரில், பூனை தாவ முடியாத பத்தடி உயரத்தில் பெட்டி ஏறிற்று.

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த பாட்டி கேட்டார்: “ஏண்டா, குருவி பிள்ளை பெறுவதைக்கூடப் பெட்டி வைத்துப் பார்ப்பீர்களோ? அதுக்கும் மானம் இருக்காதா?”

சிரித்தேன். ஆயினும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பறவையை அறியும் ஆசை பறவைக்கே கேடாக முடிந்த கதைகள் உண்டு. நம் நாட்டின் பறவையியல் பேரறிஞர் சாலிம் அலி, 1906-07 ஆண்டுகளில் பத்து வயதுச் சிறுவராக இருந்தபோது, ஒரு பெண்குருவியின் கூட்டருகே மறைந்து நின்று, காவல் இருந்த ஆண்குருவியைச் சுட்டார். உடனே வேறோர் ஆண் வந்து காவலுக்கு அமர்ந்தது, அதையும் சுட்டார். ஏழு நாளில் எட்டு ஆண்குருவிகள் வீழ்ந்தன. இணையை இழந்த பெண் எவ்வளவு விரைவில் வேறு இணையைப் பெறுகிறது என்ற செய்தி அவருடைய குறிப்பில் நின்றது. துப்பாக்கி தந்த அந்த அறிவை இன்று ஒரு கண்ணாடித் துண்டு தந்துவிடும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், வேட்டை என்ற சொல்லுக்குப் பொருள் கூறுமிடத்தில், காட்டுப் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் கலைப்பதை அதனுள் அடக்குகிறது. பார்ப்பது வேறு, கலைப்பது வேறு. பாட்டியின் கேள்விக்கு இந்த வேறுபாடுதான் என் விடை. அந்த விடை எனக்கு எவ்வளவு கடினமாகும் என்பதைப் பங்குனி மாதம் காட்டிற்று.

மாசியில் ஓர் இணை வந்தது. ஆண் வாசலில் அமர்ந்து ஓயாமல் கூவிற்று. பெண் மூன்று நாள் உள்ளே வருவதும் போவதுமாக இருந்து, பிறகு வைக்கோல் சுமந்தது. நாளுக்கு ஒன்றாக நான்கு முட்டைகள். பன்னிரண்டாம் நாள் காலையில் மூன்று குஞ்சுகள் பொரிந்திருந்தன. நான்காவது மறுநாள் மாலைதான் ஓட்டை உடைத்தது. அதற்குள் மூத்தவை மூன்றும் ஒருநாள் தீனியை உண்டுவிட்டன. தாய் வந்ததும் உயரமாக எழும் வாய்க்கே முதல் உணவு. கடைக்குட்டியின் கழுத்து அந்த உயரத்துக்கு எட்டவில்லை.

வீடு முழுவதும் அந்தத் திரையின் முன் கூடிவிட்டது. “அண்ணா, அதை மட்டும் எடுத்து நாம் வளர்ப்போம்” என்று தங்கை அழுதாள். மானத்தைப் பற்றிப் பேசிய பாட்டியே, “சோற்றைக் குழைத்து ஊட்டினால் பிழைத்துக்கொள்ளும்” என்றார். ஏணி சுவரோரம்தான் இருந்தது. மூடியைத் திறக்க இரண்டு நிமிடம் போதும். ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் தாய் அஞ்சிப் பறந்துவிடலாம். கூட்டையே துறக்கலாம். புழு வேண்டிய குஞ்சுக்குச் சோறு உணவும் அன்று. ஒன்றைக் காக்கும் கை நான்கையும் இழக்கக்கூடும். நான் ஏணியை எடுத்துக் கொல்லையில் போட்டேன். நான்காம் நாள் விடியலில் கடைக்குட்டி அசையவில்லை. சற்று நேரத்தில் தாய் அதை அலகில் பற்றி வெளியே கொண்டுபோயிற்று. அன்று தங்கை என்னோடு பேசவில்லை.

கையைக் கட்டிக்கொண்டிருப்பதுதான் அறமா? என் மனம் அதை ஒப்பவில்லை. ஆகவே, அழுவதை நிறுத்திவிட்டு எண்ணத் தொடங்கினோம். காலை ஏழிலிருந்து எட்டு மணிக்குள் தாயும் தந்தையுமாகப் பதினெட்டு முறை வந்தன. அலகில் என்ன இருக்கிறது என்று படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். தானியம் தின்னும் பறவை என்று நாம் எண்ணும் குருவி, குஞ்சுக்குக் கொடுத்தது பச்சைப் புழு, சிறு வெட்டுக்கிளி, கொத்துக் கொத்தாக அசுவினிப் பூச்சி. திரும்பிப் போகும்போது குஞ்சின் எச்சத்தை வெண்சவ்வுப் பையாகக் கவ்விக்கொண்டு போயிற்று. கூடு துப்புரவாக இருந்தது. அசுவினி எங்கிருந்து வருகிறது என்று அறியத் தொலைதூரம் போகவேண்டியிருக்கவில்லை. எங்கள் அவரைப் பந்தலில் இருந்துதான்.

அந்தப் பந்தலுக்கு மருந்தடிக்க அப்பா தெளிப்பானை எடுத்து வைத்திருந்தார். திரையைச் சற்று நேரம் பார்த்தார். “பட்டுப்புழு வளர்க்கிறவன் முசுக்கட்டை இலைக்கு மருந்தடிக்கப் பயப்படுவான். நமக்கும் இப்போது வளர்க்கிற பிள்ளை இருக்கிறது” என்று சொல்லித் தெளிப்பானைப் பரணில் போட்டார். அவரைக்காய் அந்த ஆண்டு பாதிதான். அம்மா கடையில் வாங்கினார், முணுமுணுத்துக்கொண்டேதான் வாங்கினார். மூன்று குஞ்சுகளும் பதினைந்தாம் நாள் பறந்தன. வைகாசி மழைக்குப் பின் அதே பெட்டியில் மறுபடியும் நான்கு முட்டைகள். இம்முறை நான்கும் பறந்தன.

இதனால் அவரைப் பந்தல்தான் நாலாம் குஞ்சைக் காத்தது என்று வழக்குரைத்தல் தகாது. மழை பெய்திருந்தது, பூச்சி எங்கும் பெருகியிருந்தது. ஒரு கூட்டை வைத்து ஓர் உண்மையை நிறுவ முடியாது. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு அருகே வைத்தம் காட்டில் டேவிட் லாக் என்ற அறிஞர் 1947-இல் பறவைப் பெட்டிகளை வைத்துப் பட்டாணிக்குருவிகளை ஆராயத் தொடங்கினார். பெற்றோர் எத்தனை குஞ்சுக்கு உணவு தேட முடியுமோ, அந்த அளவை ஒட்டியே பறவை இடும் முட்டைத் தொகை அமைகிறது என்பது அவர் கொள்கை. கடைசிக் குஞ்சு பிந்திப் பொரிவதையும் அவர் அவ்வாறே விளக்கினார்: உணவு மிகுந்தால் அதுவும் வாழும், குறைந்தால் அது மட்டும் போகும், மற்றவை நிற்கும். ஆயிரத்துக்கு மேற்பட்ட பெட்டிகளோடு அந்த ஆய்வு இன்றும் நடக்கிறது. எங்கள் கடைக்குட்டியின் சாவு கொடுமையாகத் தோன்றிற்று. அதில் ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கில் நாம் மாற்றக்கூடிய எண் கூட்டுக்குள் இல்லை; தோட்டத்தில் இருக்கிறது.

2020-ஆம் ஆண்டு சிவகங்கை மாவட்டத்துப் பொத்தகுடியில் நடந்ததை நண்பர்கள் நினைவில் வைத்திருப்பர். தெருவிளக்குகளின் சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு சிறு பறவை கூடு கட்டி முட்டையிட்டது. ஓர் இளைஞர் அதைக் கைபேசியில் படம் எடுத்து ஊராரின் வாட்ஸப் குழுவில் இட்டார். ஊர் கூடிப் பேசி, குஞ்சு பறக்கும்வரை விளக்கைப் போடுவதில்லை என்று முடிவு செய்தது. ஒரு மாதத்துக்கு மேல் தெரு இருண்டு கிடந்தது. அங்கும் ஒரு காமிராதான் தொடக்கம். படத்தைப் பார்த்து ‘அழகு’ என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போயிருக்கலாம். அவர்கள் விளக்கை விட்டுக்கொடுத்தார்கள். நாங்கள் விட்டுக்கொடுத்தது அரைக்கூடை அவரைக்காய். காண்பதற்கு ஒரு விலை உண்டு என்பது இரண்டு இடத்திலும் ஒன்றே.

நம் சங்கத்துத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுதியிலும் வீட்டிலும் ஆளுக்கு ஒரு பெட்டி வைப்போம். காமிரா இயன்றவர் வைக்கட்டும். இயலாதவர் தொலைவில் அமர்ந்து வாசலை எண்ணட்டும். முட்டை இட்ட நாள், பொரிந்த நாள், பறந்த நாள், ஊட்டிய முறை ஆகியவற்றை ஒரே நோட்டில் குறிப்போம். நான்கு ஆண்டில் நாற்பது பெட்டியின் கணக்குச் சேர்ந்தால், இந்த நகரத்தில் குருவிக்குக் குறைவது இடமா உணவா என்று நாமே சொல்லலாம். பெட்டிக்குப் பக்கத்தில் மருந்து படாத ஒரு பாத்தியும் இருக்கட்டும். பெட்டியை ஒரு நாளில் மாட்டிவிடலாம். மாட்டியபின் அதைத் திறவாமல் இருப்பதுதான் நாள்தோறும் செய்யவேண்டிய வேலை.