கொப்பியில் எழுதினால் என்ன?

பாஸ்வேர்ட்டைக் கண்டுபிடித்தவர்கள் கூட்டுக் குடும்பத்தில் வளராதவர்கள் என்றுதான் நினைக்கிறேன். ஓர் ஆள், ஓர் இரகசியம், அதை வேறு எவருக்கும் சொல்லக்கூடாது. எங்கள் வீடுகளில் நடக்கிற காரியமா இது? மொன்றியல் தீவின் வடகரையில், அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில், எனக்குத் தெரிந்த தமிழ் வீடுகளில் பாஸ்வேர்ட் எல்லாம் மூத்த பிள்ளையிடம் இருக்கும். அம்மாவின் வங்கி, அப்பாவின் வரி, அம்மம்மாவின் பென்சன், ஹைட்ரோ மின்சார பில், எல்லாம் அந்தப் பிள்ளையின் தலையில். பிள்ளை படிக்க ரொறன்ரோவுக்குப் போனால் பாஸ்வேர்ட்டும் கூடவே போகிறது. இப்போது இரண்டாவது பூட்டு ஒன்றும் வந்துவிட்டது. ஆறு இலக்கம் குறுஞ்செய்தியாக வரும், அதுவும் பிள்ளையின் போனுக்கே. தாய் இங்கே கணினிக்கு முன்னால், பிள்ளை அங்கே வகுப்பில். இலக்கத்தைப் பார்த்து வட்ஸ்அப்பில் அனுப்புவதற்குள் அது காலாவதியாகிவிடும்.

2023 பெப்ரவரியில் இந்தச் சங்கடம் வீட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. கியூபெக்கின் வாகன உரிமக் கழகம் தன் அலுவலகங்களைச் சில வாரம் மூடிவைத்து, பெப்ரவரி 20 அன்று சாக்கிளிக் என்ற இணையத் தளத்தைத் திறந்தது. உள்ளே போக வேண்டுமென்றால் முதலில் அரசின் புதிய அடையாளச் சேவையில் கணக்குத் தொடங்க வேண்டும். அதற்குச் சமூகக் காப்புறுதி இலக்கம், மருத்துவ அட்டை இலக்கம், வருமான வரி மதிப்பீட்டுக் கடிதம் என்று ஒவ்வொன்றாகத் தேடி எடுக்க வேண்டும். மூடியிருந்த நாட்களின் வேலை தேங்கியது ஒரு பக்கம், அடையாளச் சோதனையைத் தாண்ட முடியாதவர்கள் நேரே வந்தது இன்னொரு பக்கம். மாகாணம் முழுவதும், எங்கள் ஹென்றி-பூராஸா தெரு அலுவலகம் உட்பட, குளிரில் வரிசை நின்றது. 2025இல் இதைப் பற்றி மாகாணக் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை வெளிவந்தது. திட்டத்தின் மொத்தச் செலவு 110 கோடி டொலரைத் தொடும், திட்டமிட்டதைவிடக் குறைந்தது 50 கோடி அதிகம் என்றது அது. சில நாட்களில் டிஜிட்டல் விவகார அமைச்சர் எரிக் கெய்ர் பதவி விலகினார். அத்தனை பணத்துக்கும் மக்கள் அடையாளம் கண்டது அலுவலகத்தின் பழைய கண்ணாடிக் கவுண்டரைத்தான்.

என் மாமிக்கு எழுபது தாண்டிவிட்டது. வீட்டு லாப்டொப் பழுது என்று ஒருநாள் அவரை ஒரு நூலகத்துக்குக் கூட்டிப்போனேன். அவருடைய பாஸ்வேர்ட்டில் மின்னஞ்சல் முகவரியில் வருகிற அந்தச் சுழித்த குறி ஒன்று உண்டு. வீட்டில் ஷிப்டையும் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் வந்துவிடும். நூலகத்தில் இருந்தது பிரெஞ்சுக் கீபோர்ட். அதில் அதே விசையை அழுத்தினால் மேற்கோள் குறி விழும். சுழித்த குறி வேண்டுமென்றால் வலப்பக்கத்து ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டைத் தட்ட வேண்டும். திரையில் தெரிவதோ கறுப்புப் புள்ளிகள் மட்டும். "நான் சரியாத்தான் அடிச்சனான் தம்பி" என்று மாமி சொல்லச் சொல்லக் கணக்கு பூட்டிக்கொண்டது. அவர் சரியாகத்தான் அடித்தார்.

பூட்டைத் திறக்கக் கேட்ட கேள்வி, தாயின் திருமணத்துக்கு முந்திய குடும்பப் பெயர். எங்களில் அது தாத்தாவின் பெயர். ஊரே அறிந்த இரகசியம். கியூபெக்கிலோ 1981 முதல் சட்டப்படி மனைவியரும் பிறந்த பெயரையே வைத்திருக்கிறார்கள். இங்கே இந்தக் கேள்வியால் யாரைத் தடுக்கப் பார்க்கிறார்களோ தெரியாது.

மாமியிடம் கெட்டி அட்டை போட்ட சி.ஆர். கொப்பி ஒன்று இருக்கிறது. பாஸ்வேர்ட்டுகளைத் தமிழெழுத்தில் எழுதிவைப்பார், கள்ளன் வாசிக்கக்கூடாது என்று. 'முருகன்', பக்கத்தில் மகன் பிறந்த வருடம், ஓர் ஆச்சரியக்குறி. பிறகு அவருக்கே தெரியாது, நடுவில் ஆங்கில ஜியா, கேயா, இலங்கைப் பாணியில் எச்சா என்று. ஒவ்வொரு பெயரின் கீழும் வெட்டிய வரிகள் நான்கைந்து; மூன்று மாதத்துக்கொருமுறை மாற்றச் சொன்னதன் தழும்புகள்.

அந்த விதியை எழுதியவரே பின்னால் வருந்தினார் என்பது மாமிக்குத் தெரியாது. அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனத்தில் பில் பர் என்பவர் 2003இல் எழுதிய வழிகாட்டியிலிருந்துதான் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இலக்கம், குறி, அடிக்கடி மாற்று என்ற ஆக்கினைகள் உலகெங்கும் பரவின. 2017இல் அவர் வால் ஸ்ட்ரீட் ஜேர்னலிடம் தன் வேலையில் பெரும்பகுதிக்காக வருந்துவதாகச் சொன்னார். அதே ஆண்டு அந்த நிறுவனம் காரணமில்லாமல் மாற்றச் சொல்லாதீர்கள், நீளம்தான் முக்கியம் என்று விதியைத் திருத்தியது. மாற்றச் சொன்னால் மனிதர் கடைசி இலக்கத்தை ஒன்று கூட்டுவார்கள், அவ்வளவுதான். என் மருமகளின் அலுவலகம் இன்னும் பழைய விதியில்தான் ஓடுகிறது.

உண்மையான ஆபத்து வேறெங்கோ இருந்தது. 2020 ஓகஸ்டில் கனடா வருமான வரித் துறையின் ஆயிரக்கணக்கான கணக்குகளுக்குள் கள்ளர் புகுந்தார்கள், பலரது பெயரில் கொவிட் உதவித்தொகைக்கும் விண்ணப்பித்தார்கள். வேறு தளங்களில் திருடிய பெயரையும் பாஸ்வேர்ட்டையும் இங்கே போட்டுப் பார்த்தார்கள். ஒரே பாஸ்வேர்ட்டை எங்கும் வைத்திருந்தவர்கள் அகப்பட்டார்கள். அந்தக் கள்ளனுக்கு மாமியின் அலுமாரி எட்டாது. கொப்பியில் எழுதுவது தவறு என்று மாமியைப் பயமுறுத்தியவர்கள், ஒன்றையே பத்து இடத்தில் போடுவதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பத்தும் வேறுவேறாக இருக்க வேண்டுமென்றால் எழுதாமல் எப்படி? பாஸ்வேர்ட் மானேஜர் நல்லதுதான், நானும் வைத்திருக்கிறேன். மாமி அதற்குச் சம்மதிக்க மாட்டார், நானும் வற்புறுத்தவில்லை.

எனக்கு இருக்கிற கேள்வி வேறு. அதே வரித் துறையில் இப்போது குடும்பத்தவர் ஒருவரைப் பிரதிநிதியாகப் பதியலாம். அவர் தன் சொந்தப் பாஸ்வேர்ட்டால் நுழைந்து உங்கள் கணக்கைக் கவனிக்கலாம். மாமியின் பாஸ்வேர்ட் எனக்கு வேண்டியதில்லை, நான் மாமியாக நடிக்கவும் தேவையில்லை. பிள்ளைகளே பெற்றோரின் காரியம் பார்க்கிறார்கள் என்று ஓர் அரசுத் துறைக்குப் புரிந்திருக்கிறது. கவுண்டரை மூடிவிட்டு எங்களை இணையத்துக்கு விரட்டுகிற மற்ற இடங்கள் பலவும் இதை ஏன் செய்யவில்லை?