மிக நீண்ட ராத்திரி

இங்கிலாந்தில் கிளாஸ்டன்பரி கடைத்தெருவில் மந்திரக்கோலுக்கும் விலைச்சீட்டு தொங்குகிறது. இதே நாட்டில் ஒரு காலத்தில் சூனியக்காரி என்றால் தூக்கு. அப்புறமும், 1951 வரை, மந்திர சக்தி இருப்பதாகச் சொல்லிக்கொண்டால் ஜெயில்!

நான் தங்கியிருந்த வீட்டுப் பாட்டி அசல் விட்ச். துடைப்பத்தில் பறப்பதில்லை, பஸ்தான்.

டிசம்பர் 21. சாயங்காலம் நாலு மணிக்கே சூரியன் கடையைக் கட்டிவிட்டது. ராத்திரி 16 மணி நேரம். பாட்டி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஒற்றை மெழுகுவத்தி ஏற்றினார்.

"தனியாவா கொண்டாடறீங்க?"

"அவர் இருந்தவரைக்கும் ரெண்டு பேர். சூரியன் திரும்பி வர்ற வரைக்கும் யாராவது முழிச்சிருக்கணுமே! நீங்க போய்த் தூங்குங்க."

காலை எட்டேகாலுக்குச் சூரியன் எட்டிப் பார்த்தபோது இறங்கி வந்தேன். பாட்டி மெழுகுவத்தியை ஊதி அணைத்தார்.

"இனிமே பகல் வளரும்" என்றார், தானே ஏற்பாடு செய்தது போல.