மண்ணெண்ணெயில் ஓடிய லாண்ட் ரோவர்

லாண்ட் ரோவரை வனப்புடைய வண்டியென்று எவரும் சொல்லார். இரண்டாம் உலகப் போரின்பின் இங்கிலாந்தில் உருக்குக்குத் தட்டுப்பாடு நிலவிற்று. ஆகவே ரோவர் நிறுவனப் பொறியியலாளர் மொறிஸ் வில்க்ஸ், தாம் எண்ணிய உழவர் வண்டிக்கு அலுமினியக் கலப்புலோகத்தால் உடலமைத்தார். 1948 ஏப்ரல் 30இல் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது அரங்கேறியது.

ஒட்டுசுட்டானில் எம் அம்மானிடம் அத்தகைய பழைய வண்டியொன்று இருந்தது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வன்னிக்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டது. புதிய கார்கள் கொட்டிலில் முடங்கின. பழைய பெற்றோல் இயந்திரத்துக்கோ அமுக்க விகிதம் குறைவு. காபரேற்றரிற் சில துளி பெற்றோல் விட்டு முடுக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் ஓடும். புகையும் நாற்றமும் சொல்லுந் தரமல்ல!

1993 மாரியில் ஓரிரவு, முத்தையன்கட்டிற் புடையன் தீண்டிய சிறுவனொருவனை ஏற்றிக்கொண்டு வைத்தியசாலைக்குப் புறப்பட்டோம். வழியெல்லாம் வெள்ளம். நடுவழியில் இயந்திரம் நின்றுவிட்டது. போத்தலில் எஞ்சிய பெற்றோல் ஒரு மூடியளவே. சிறுவனின் தாய் வாய்திறந்து ஒன்றும் கேட்கவில்லை.

"தம்பி, விளக்கைத் தள்ளிப் பிடி" என்றார் அம்மான்.

நான்காம் முறை இயந்திரம் உயிர்த்தது. நான்கு சில்லுகளும் ஒருங்கே சேற்றைப் பற்றின. சிறுவன் பிழைத்தான், இன்று அவர் இரு பிள்ளைகளின் தந்தை.

வண்டியை 2009இல் மாத்தளனில் விட்டுவந்தோம். பழைய வமிசத்தின் இறுதி வண்டி சோலிஹல் ஆலையிலிருந்து 2016 ஜனவரி 29இல் வெளிவந்த செய்தியை அம்மானுக்கு வாசித்துக் காட்டினோம்.

"அப்ப இனி உதிரிப்பாகம் எடுக்கிறது கஷ்டந்தான்" என்றார்.