ஞாயிற்றுக்கிழமைத் தெரு

மலைநாட்டைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் அருவியிலே தொடங்கி, மூடுபனியிலே உலாவி, தேயிலைச் சரிவின் பசுமையிலே முடித்துவிடுவர். அவ்வெழில் பொய்யன்று. ஆயினும் அச்சரிவுகளிடையே வளர்ந்தவர்களுக்கு மலைநாடு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது காட்சியன்று, வாசனை. ஈர விறகின் புகையும், கல்லிலே வேகும் கோதுமை ரொட்டியின் மணமும், அட்டன் கடைத்தெருவிலே கருவாடும் சாம்பிராணியும் மண்ணெண்ணெயும் ஒன்றாய்க் கலந்தெழும் நெடியுமே எங்கள் மலைநாடு.

அட்டன், கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேல் அமைந்த பட்டினம். 1884 இல் புகையிரதப் பாதை இங்கு வந்து சேர்ந்தது. டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகள் இங்கே வந்து சேர்ந்து, கோச்சியேறிக் கொழும்புக்குப் போயின. தேயிலைக்காக வளர்ந்த ஊர், வாரத்தில் ஒரு நாள் மட்டும் தேயிலை பறிப்பவர்களுக்கு உரியதாகும். அந்நாள் ஞாயிற்றுக்கிழமை.

அதன் அருமையை உணர வேண்டுமாயின், தோட்டத்திலே ‘பேர்’ என்ற சொல்லுக்கு உள்ள பொருளை வெளியூர் அன்பர்கள் அறிந்துகொள்ளுதல் வேண்டும். ஒரு நாள் வேலைக்குப் பதிவாகும் கூலியே அங்கு ‘பேர்’. குறித்த நிறைக்குக் கொழுந்தெடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். “இந்த மாதம் எத்தனை பேர்?” என்று கேட்டால், “இருபத்திரண்டு பேர்” என்று ஒருத்தியே விடை கூறுவாள். பெற்றோர் ஆசையோடு இட்ட பெயர் எதுவாயினும், பெரட்டுக்களத்திலே அவள் அந்தக் கணக்குத்தான். அந்தக் கணக்கிலும் 1984 வரை ஆணுக்கொரு கூலி, பெண்ணுக்கு அதனிற் குறைந்த கூலி!

ஆறு நாள் கணக்காய் இருந்தவர்கள் ஏழாம் நாள் மனிதராய்த் தெருவுக்கு வந்தார்கள். 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் சிறுவனாய் நான் கண்ட அட்டன் அதுவே. பத்தாந் தேதி சம்பளம் கொடுத்தபின் வரும் ஞாயிற்றுக்கிழமையின் கோலாகலத்தைக் கேட்கவும் வேண்டுமோ? இடுப்பிலே கட்டிய படங்கையும் முதுகுக் கூடையையும் லயத்துச் சுவரிலே மாட்டிவிட்டு, பெட்டியில் மடித்து வைத்த சேலையை உடுத்துப் பெண்கள் மலையிறங்குவர். கூடைக்கயிறு பதித்த தழும்பு மட்டும் தலையோடு கூடவே வரும்.

அவர்களுட் பலர் முதலில் ஏறும் படி அடகுக் கடையின் படி. தீபாவளிக்கோ, பிள்ளையின் பாடசாலைச் செலவுக்கோ உள்ளே போன தோடு, சம்பளப் பணத்திலே வெளியே வரும். வாசலிலேயே நின்று அதைக் காதில் மாட்டிக்கொண்டு நடப்பார்கள். அதன் பின்னர்த்தான் கருவாடும், மாசியும், தேங்காயும், பருப்பும், பிள்ளைகளுக்குக் கடலைச் சுருளும். கடைக்காரர், “வாங்க பெரியம்மா! மகன் இப்போ எத்தனையாம் வகுப்பு?” என்று கேட்பார். வியாபாரத் தந்திரமென்று சிலர் நகைக்கக்கூடும். இருக்கட்டுமே! வாரம் முழுவதும் ‘முழுப்பேர்’, ‘அரைப்பேர்’ என்று கேட்ட செவிக்கு, ‘பெரியம்மா’ என்ற சொல் தேனன்றோ?

தேநீர்க் கடையின் கண்ணாடி அலுமாரியே எங்களுக்குச் சொர்க்க வாசல். உளுந்து வடை, சூசியம், சீனி தூவிய பணிஸ். மாலையானால் தட்டத் தட்ட எழும் கொத்து ரொட்டியின் தாளம். வீட்டிலே நாங்கள் அருந்தியது, தோட்டத்தில் வாங்கிய தூளிலே ஊற்றிய சாயத் தண்ணீர். அத்தூளின் விலை சம்பளத்திலே பிடிக்கப்படும். உள்ளங்கையிலே துளி சீனியை வைத்து நக்கிக்கொண்டே குடிப்போம். தாம் பறித்த கொழுந்தின் நல்ல தரம் கொழும்பு ஏலத்துக்குச் செல்ல, தரம் குறைந்த தூளுக்குத் தாமே விலை கொடுத்தவர்கள், ஞாயிறன்று ஒரு மேசையின் முன் அமர்ந்து, “பால் தேத்தண்ணி ஒன்று” என்று உரக்கச் சொன்னார்கள். கேட்டுப் பெறும் உரிமை அந்தக் குவளையிலே கலந்திருந்தது.

இதே பட்டினத்தைத் தம் பணிக்களமாகக் கொண்டவர் கோ. நடேசய்யர். 1936 இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானவர். அவரும் துணைவியார் மீனாட்சி அம்மையாரும் தொழிலாளரின் துயரைப் பாட்டாக்கி அச்சிட்டு மக்களிடையே பரப்பினார்கள். மீனாட்சி அம்மையார் கூட்டங்களிலே தாமே நின்று பாடினார்.

இனி, நாங்கள் ஏங்கும் அந்த ரொட்டியின் கதைக்கு வருவோம். அது தாயகத்திலிருந்து எங்கள் முன்னோர் கொணர்ந்த உணவன்று. அவர்கள் சோறுண்டு பழகியவர்கள். இரண்டாம் உலகப் போரில், 1942 இல் பர்மா வீழ்ந்து அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது, கோதுமை மாவு இந்நாட்டு அடுப்புகளிலே பெரிதும் இடம் பிடித்தது. விடியுமுன் எழும் பெண்ணுக்கு ரொட்டியே துணை. மாவைப் பிசைந்து தட்டிச் சுட்டு, சம்பலோடு சீலைத்துண்டிலே முடிந்துகொண்டு மலைக்கு ஓடலாம். நேரமின்மையும் பற்றாக்குறையும் சேர்ந்து சுட்ட பண்டம் அது.

அதுவும் கிடைக்காத காலமொன்று வந்தது. 1973, 1974 ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்திலே தோட்டங்களில் இறப்பு வீதம் உயர்ந்தது. எங்கள் பாட்டி அக்காலத்தைப் பற்றிச் சுருக்கமாகவே பேசுவார்: “மாவு இல்லாத நாள் மரவள்ளிக் கிழங்கு. கிழங்கும் இல்லாத நாள் சாயத் தண்ணியைக் குடிச்சிட்டு மலைக்குப் போனோம்.” அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லமாட்டார்.

1948 இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964 இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. அங்கேயும் மனிதர் வெறும் ‘பேர்’ ஆனார்கள்! தலைமன்னார் நோக்கிப் புறப்பட்ட வண்டியை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே அழைத்தார்கள். தேயிலை ஏறிய அதே புகையிரத நிலையத்திலே, அதைப் பறித்த குடும்பங்களும் ஏறிப் போயின.

மனிதர் மட்டுமல்லர், தெருக்களும் போயின. அட்டனிலிருந்து சிவனொளிபாதமலைக்குச் செல்லும் வழியிலே மஸ்கெலியா இருக்கின்றது. 1969 இல் மவுசாகலை நீர்த்தேக்கம் அமைந்தபோது, பழைய மஸ்கெலியாப் பட்டினம் நீருள் மூழ்கிற்று. மழை பொய்த்து நீர் வற்றும் காலங்களில் பழைய கோயில் முதலிய கட்டடங்கள் வெளியே தலைகாட்டும். முதியோர் கரையிலே நின்று, “இங்கேதான் கடை இருந்தது, இங்கேதான் தேத்தண்ணி குடிப்போம்” என்று பிள்ளைகளுக்குக் காட்டுவதை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் சுட்டிய இடத்திலே சேறன்றி வேறொன்றுமில்லை. ஆனால் அவர்கள் கண்ணுக்கு முழுத் தெருவும் தெரிந்தது.

இன்று அட்டனில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் குறைந்துவிடவில்லை. ஆனால் இளைஞர் பலர் கொழும்புக் கடைகளிலே தொழில் செய்கின்றனர். விடுமுறைக்கு வந்து கைத்தொலைபேசியிலே ரொட்டியைப் படம் பிடிக்கின்றனர். அது நன்றே. அவர்களுக்கு ஒன்று சொல்வேன். 2017 இல் இலங்கைத் தேயிலையின் நூற்றைம்பதாவது ஆண்டைக் கொண்டாடினார்கள். முதல் தோட்டமிட்ட ஜேம்ஸ் டெய்லரின் பெயரை உலகம் அறியும். ரொட்டி தட்டி முடிந்துகொண்டு பனியிலே மலையேறிய பெண்களின் பெயர்களோ, செக்றோல் ஏட்டுக்கு வெளியே எங்கும் எழுதப்படவில்லை. உங்கள் வீட்டு முதியவரிடம் ஒரு மாலைப் பொழுது அமர்ந்து, அக்காலத்தில் என்ன உண்டீர்கள், எந்தக் கடையில் வாங்கினீர்கள், யாரோடு போனீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பெயர்களை ஒரு கொப்பியிலே எழுதி வையுங்கள். இம்முறையாவது அவை கூலிக் கணக்காக அன்றி, மனிதரின் பெயர்களாகவே பதிவாகட்டும்.